குதிக்காலில் ஒரு சிவப்புப் பொட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தால் இன்றைக்கும் மகள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவன் பாரிஸ் நகரத்தில் என்னென்ன கட்டினான் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் குறுக்கே கேட்கக் கூடாது.

லா சப்பலில், ரூ பஜோலுக்குத் திரும்புகிற பக்கம், இரண்டு ஆட்கள் சேர்ந்து நிற்க முடியாத ஒரு பொந்து இருந்தது. மணிக்கூடு திருத்துகிறவர் ஒருவர் கைவிட்டுப்போன இடம். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். அதற்கு நிலம் போட்டது நான். பலகை அடித்தது நான். லா கூர்னெவ்வில் ஒரு பழைய கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த தோல் தைக்கிற மெசினை மூன்று துண்டாகக் கழற்றி, மூன்று தரம் ரெயிலேறி, மடியில் வைத்துக் கொண்டுவந்து பூட்டியது நான். அந்தப் பொந்து இன்றைக்கு மூன்று கதவுக் கடை. பாரிசுக்கு வெளியே பொண்டியில் வீடு வாங்கி, அதற்குமேல் ஒரு அறையையும் என் கையாலேயே எழுப்பினேன். மகளைப் படிப்பித்தேன். அவள் அரசாங்கக் கந்தோரில் கதிரையில் இருந்து வெள்ளைக்காரருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள்.

இவ்வளவும் சப்பாத்துத் தைத்துக் கட்டியது. வந்த புதிதில் காற் து நோர் ரெயில் நிலையத்துப் பக்கம் ஒரு இத்தாலிச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன். பக்கத்தில் ஒரு சப்பாத்துக் கடை. ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் சிகரெட் பிடிப்பார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அங்கே கை போகிற விதத்தைப் பார்ப்பேன். பரிமாறுகிற பெடியன்களின் சப்பாத்துகளை அவிழ்த்துப் பழகினேன். எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஊரில் செருப்புத் தைக்கிறவனை எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடல் தாண்டி, கண்டம் தாண்டி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் அந்த ஒன்றை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். என் மைத்துனர் கலியாண வீடுகளில் நான் தோல் வியாபாரம் செய்வதாகச் சொல்வார். எனக்குப் பட்டப்பெயர் சப்பாத்தர். முகத்துக்கு நேரே அண்ணை, முதுகுக்குப் பின்னால் சப்பாத்தர். சரி, அது கிடக்கட்டும்.

இதையெல்லாம்விட நான் கட்டிய பெரிய சாமான் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். அது ஒரு இத்தாலியனின் இடது கால்.

அவன் பெரிய ஆட்டக்காரன். பந்து விளையாட்டுப் பார்க்கிற எவருக்கும் அவனைத் தெரியும். ஆனால் பெயரை நான் எழுத மாட்டேன். அவன் என் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. அவன் சொல்கிற அன்றைக்கு நானும் எழுதுகிறேன். அதுவரைக்கும் இரண்டு பேரும் பெயரில்லாமலே இருப்போம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து இருக்கிறபோது மகள் தொலைபேசியோடு ஓடிவந்தாள்.

"பப்பா, ரெகார்த்! உங்கடை இத்தாலியன்!"

பார்த்தேன். தாடி நரைத்துவிட்டது. விளையாட்டை விட்டுவிட்டுத் தன் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறானாம். அவனுக்கு எதிரே இருந்து பேட்டி எடுத்த பெண் இத்தாலி மொழியில் ஏதோ கேட்டாள். எனக்குக் குசினி இத்தாலி மட்டும்தான் தெரியும்; தட்டு, கரண்டி, பேச்சு வாங்குகிற சொற்கள். மகள் திரையின் அடியில் ஓடிய பிரெஞ்சை வாசித்துச் சொன்னாள்.

"கால் உடைஞ்சு, இனி விளையாடவே ஏலாது எண்டு இருந்த நீங்கள் எப்பிடித் திரும்பி வந்தனீங்கள், ஆருக்கு நன்றி சொல்லுவியள் எண்டு கேக்கினம்."

"அவன் என்ன சொல்லுறான்?"

"டொக்ரர்மாருக்கு, சப்பாத்துக் கொம்பனிக்கு, கடவுளுக்கு எண்டுறார்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை பப்பா. அடுத்த கேள்விக்குப் போயிட்டினம்."

"திருப்பிப் போடு."

நான்கு தரம் திருப்பிப் போட்டாள். நான்கு தரமும் அதே மூன்று பேர்தான் வந்தார்கள். அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் மடியில் கிடந்தன. ஒரு விரல்கூட அசையவில்லை.

ஏன் விரலைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அவன் விரல் நீட்டுகிறவன். உலகத்தில் எந்த ஆட்டக்காரனும் கோல் அடித்தால் சனத்தைப் பார்த்து ஓடுவான், சட்டையைக் கழற்றுவான், மார்பில் குத்துவான். இவன் அப்படியே நின்று திரும்புவான். பந்தைக் கொடுத்தவன் எங்கே என்று தேடுவான். கண்டதும் கையை நேராக நீட்டி அவனைச் சுட்டிக் காட்டுவான். கொடுத்தவனுக்குக் கொடுத்தவன் ஒருத்தன் பின்னால் நின்றால் அவனையும் காட்டுவான். ஒருமுறை பந்து எதிராளியின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. எல்லோரும் இவனைக் கட்டிப் பிடித்தார்கள். இவன் எதிராளியைக் காட்டிவிட்டான்! பாவம் அந்தப் பெடியன், அழாத குறை.

மைதானத்தில் மட்டும் இல்லை. நான் முன்பு கோப்பை கழுவிய அந்தச் சாப்பாட்டுக்கடைக்கு அவன் வழக்கமாகப் போவான். ஒரு நாள் கடை முதலாளி, பத்ரோன், நாலு பேருக்கு முன்னால் நின்று, எங்கள் கடைச் சாப்பாடு இவருக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா என்று பெருமை பேசியிருக்கிறார். இவன் எழும்பி, பத்ரோனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு குசினிக் கதவுவரைக்கும் கூட்டிப்போய், அடுப்படியில் வியர்த்து வழிய நின்ற நம்முடைய ஆளை விரல் நீட்டிக் காட்டினானாம். அந்த ஆள் பருத்தித்துறைக்காரர். இத்தாலிச் சாப்பாடு முழுக்க அவர் கைதான். அவரே வந்து என்னிடம் சொன்னார்.

"அண்ணை, இருவது வருசத்திலை ஆரும் குசினிக்குள்ளை எட்டிப் பாக்கேல்லை. உவன் பாத்தான்."

அந்தப் பத்ரோன்தான் அவனை என்னிடம் அனுப்பினார். அவன் ஒரு பழைய கபில நிறச் சப்பாத்தைக் கடதாசிப் பையில் வைத்துக் கொண்டுவந்தான். ஆடி மாத வெயில். கடைக்குள் நுழைகிறபோதே வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நுழைந்தான். அவன் பாதி இத்தாலியும் பாதி பிரெஞ்சுமாகப் பேசுவான். நான் அதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"மாஸ்த்ரோ, இது என்ரை அப்பாவின்ரை. அவர் செத்தபிறகு நான் போடுறன். நான் இருக்கிற பக்கத்திலை கடைக்காரன் குப்பையிலை எறியச் சொல்லுறான்."

மாஸ்த்ரோ. அவனுடைய ஊரில் கைத்தொழில்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவனுடைய அப்பா மேசன் வேலை செய்தவர்; அவரையும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். என் சொந்தச் சனம் சப்பாத்தர் என்ற இடத்தில் ஒரு அந்நியன் என்னை மாஸ்த்ரோ என்றான். அதை நான் மறைக்க மாட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்துவிட்டேன்.

சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். எனக்குப் பிரெஞ்சுக் கடிதம் வாசிக்கத் தெரியாது. ஆனால் சப்பாத்தின் அடியை வாசிக்கத் தெரியும். அந்த அடியில் இரண்டு பேர் நடந்திருந்தார்கள். அப்பா இரண்டு குதிக்காலையும் சமமாகத் தேய்த்திருந்தார். பாரம் தூக்கிய மனுசன், நிலத்தை நேராக மிதித்திருக்கிறார். அதற்குமேல் மகனுடைய தேய்வு. வலதில் குதிக்கால் வெளிப்பக்கம் கரைந்திருந்தது. இடதில் குதிக்கால் அப்படியே கிடக்க, முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

"தம்பி, உனக்கு எந்தக் கால் உடைஞ்சது?" என்று கேட்டேன்.

"இடது. போன வருசத்துக்கு முதல் வருசம். அது சுகம் வந்திட்டுது. இப்ப நோவு வலது முழங்காலிலை."

"நோவு முழங்காலிலை. பிழை இடது காலிலை. உடைஞ்ச கால் ஒட்டேக்கை கட்டையாய்ப் போச்சு."

சிரித்தான். ஏழு டொக்ரர்மார் பார்த்துவிட்டார்களாம். படம் பிடித்தார்களாம், முழங்காலைத் துளைத்தும் பார்த்துவிட்டார்களாம். நான் ஏழு பேரிலும் ஒருத்தர் உன் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தாரா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

கடைக் கதவைச் சாத்தி, அவனை வெறுங்காலோடு சுவரில் சாய்த்து நிறுத்தினேன். இடது குதிக்காலுக்கு அடியில் தோல் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனேன். மூன்றாவது துண்டில் அவன் "ஓ" என்றான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கால் உடைந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் இரண்டு காலும் சேர்ந்து தன்னைத் தாங்குகின்றன என்று பிறகு சொன்னான்.

அவனுக்கு அந்த வருசம் எல்லாமே சரிந்து கிடந்தது. பெண்சாதி மகளையும் கூட்டிக்கொண்டு இத்தாலிக்குத் திரும்பிவிட்டாள். அவனுடைய பந்துக் கழகம் இவனை அடுத்த ஆனிக்குப் பிறகு வைத்திருக்கப்போவதில்லை என்று பேச்சு. மார்கழிக்குள் மைதானத்தில் இறங்காவிட்டால் முடிந்தது கதை; அதற்குப் பிறகு நொண்டிக் குதிரையை எந்தக் கழகம் வாங்கும்? மகளுக்கு எட்டு வயது. என் கடையில் வருகிறவர்கள் இருக்கிற மரக்குத்தியில் வெறுங்காலோடு இருந்து அவளோடு தொலைபேசியில் பேசுவான். அவள் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பாளாம்: அப்பா, எப்போது டிவியில் வருவாய்?

ஒரு நாள் தொலைபேசியை என் பக்கம் திருப்பி, என்னை விரல் நீட்டிக் காட்டினான். "இவர்தான் அப்பாவை நடக்க வைக்கிற மாஸ்த்ரோ" என்றான். அந்தச் சின்னப் பிள்ளை எனக்குக் கை அசைத்தது. நானும் சுத்தியலை அசைத்தேன். அவன் என்னைச் சுட்டிக் காட்டியது அந்த ஒரு தரம்தான்.

விளையாடுகிற சப்பாத்துக்குள் ஒரு சாமானை வைப்பது சும்மா வேலை இல்லை. மெல்லியதாக இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது, வியர்வையில் ஊறக் கூடாது, வெளியே தெரியவே கூடாது. தக்கையில் செய்தேன், நசுங்கியது. ரப்பரில் செய்தேன், குதித்தது. கடைசியில் ஆட்டுத் தோலையும் தக்கையையும் மாற்றி மாற்றி ஒட்டி, குதிக்காலில் தடித்து விரல்பக்கம் ஒன்றுமில்லாமல் போகிற மாதிரி சீவி எடுத்தேன். பதினோராவது தரம் சரிவந்தது. ஒவ்வொரு தரமும் லா கூர்னெவ் பூங்காவுக்குப் போய் ஓடிப் பார்ப்போம். ஞாயிறு காலைகளில் அங்கே நம்முடைய ஊர்க் கழகங்கள் பந்தடிக்கும். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வேலியோரம் ஓடுகிற இவனை எவருக்கும் தெரியவில்லை. ஒருமுறை பந்து வெளியே வந்தது.

"டேய் வெள்ளை, உந்தப் பந்தை இஞ்சாலை உதை!" என்று ஒருத்தன் கத்தினான்.

இவன் உதைத்தான். நாற்பது யார் தூரம் தாண்டிப் போய்க் கத்தியவனின் காலடியில் இறங்கியது. அவன் பந்தையும் பார்த்தான், இவனையும் பார்த்தான்.

"பரவாயில்லை, ஓரளவு பழகியிருக்கிறாய்" என்றான்.

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா நொந்தது.

ஆவணியில் பிள்ளையார் தேர். அவன் பார்க்க வேண்டும் என்று வந்தான். தெருவில் இரண்டு பேர் அவனை அடையாளம் கண்டார்கள், அதோடு ஐம்பது தொலைபேசிகள் அவன் முகத்துக்கு நேரே எழும்பின. தேரைப் பார்க்க வந்த சனம் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவன் கையை நீட்டி வடத்தைக் காட்டினான். "பாரம் இழுக்கிறது அவை, அவையளைப் பிடியுங்கோ" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தில் புகுந்து மறைந்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவன் ஒரு நாள் என்னையும் இப்படித்தான் உலகத்துக்குக் காட்டப்போகிறான் என்று நினைத்தேன். நினைத்தது பிழையா?

பொட்டின் கதை அதற்குப் பிறகு. ஆயுத பூசை அன்று கடையில் சுத்தியல், கத்தி, இரும்புக் கால், மெசின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். மறுநாள் அவன் எடுக்க வேண்டிய, கொம்பனி கொடுத்த புது விளையாட்டுச் சப்பாத்து மேசையில் இருந்தது. அதையும் தூக்கிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். பெண்சாதி அவல் தட்டோடு வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, சரஸ்வதிக்கு முன்னாலை சப்பாத்தோ? உங்களுக்கென்ன விசரே?"

"எங்களுக்குச் சோறு போடுறது ஆர்?"

"சரஸ்வதி."

"சப்பாத்து. தட்டை வை."

முணுமுணுத்துக்கொண்டு வைத்தாள். ஆனால் குங்குமச் சிமிழைத் தள்ளிவிட்டவளும் அவள்தான். சப்பாத்துக்குப் பொட்டு வைப்பதென்றால் எங்கே வைப்பது? நெற்றியா இருக்கிறது? இடது குதிக்காலின் பின்பக்கம், என் வேலை உள்ளே இருக்கிற இடத்துக்கு நேரே வைத்தேன். மறுநாள் அவன் அதைப் பார்த்துவிட்டு, இது அழியக் கூடாது என்றான். சிவப்புத் தோல்சாயத்தால் அதன்மேலேயே ஊன்றி வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சோடிக்கும் அந்தப் பொட்டு.

கார்த்திகையில் அவனை இறக்கினார்கள். ஞாயிறு பின்நேரம். கடையில் டிவியைப் போட்டுக்கொண்டு நான் ஒருத்தன், பெண்சாதி, பருத்தித்துறைக்காரர். முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கிறபோது உள்ளே வந்தான். ஓடினான். நான் பந்தைப் பார்க்கவில்லை, அவன் இடது காலை மட்டும் பார்த்தேன். நேராக விழுந்தது. அப்பாவின் கால் மாதிரி விழுந்தது. கோல் அடித்தபோதுகூட நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து கொடுத்தவனை விரல் நீட்டிக் காட்டினான். பிறகு குனிந்து, அதே விரலால் இடது குதிக்காலைத் தொட்டான்.

சப்பாத்துக் கயிற்றைச் சரிபார்க்கிறார் என்று டிவிக்காரன் சொன்னானாம். கயிறு குதிக்காலிலா இருக்கிறது, மடையா?

"உங்களைத்தான் தொட்டவன்" என்றாள் பெண்சாதி. அவள் வாயால் அப்படி ஒரு சொல் வந்ததை எழுதி வைக்கிறேன்.

அதன்பிறகு என் கடைக்கு வராதவர்களெல்லாம் வந்தார்கள். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர், என் கடைத் தண்ணியே குடிக்காதவர், இத்தாலியன் வந்திருக்கிற நேரம் பார்த்து வந்து தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார். சங்கத்தின் ஆண்டு மலரில் அது முழுப் பக்கம் வந்தது. நடுவில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள். ஓரத்தில் சுத்தியல் பிடித்த ஒரு கை மட்டும் தெரியும். அது என் கை. கேட்டேன்.

"அண்ணை, பக்கத்துக்கு அடங்கேல்லை. குறை நினையாதேங்கோ" என்றார்.

நாற்பது வருசமாக எனக்குப் பக்கம் அடங்குவதே இல்லை.

இனிச் சொல்லப்போவது என்னுடைய பிழையும் சேர்ந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

மாசி மாதம் நல்ல கோட்டுப் போட்ட ஒருத்தர் கடைக்கு வந்தார். சப்பாத்துக் கொம்பனியின் ஆள். மிகவும் மரியாதையாகக் கை கொடுத்தார். இந்தப் பொட்டு, உள்ளே இருக்கிற வேலை எல்லாம் யாருடையது என்று கேட்டார். எவருக்கும் சொல்ல வேண்டாம் என்று இத்தாலியன் முதலே சொல்லியிருந்தான். கொம்பனிச் சப்பாத்தில் வேறு ஆள் கைவைக்கக் கூடாதென்று அவனுக்கு ஒப்பந்தமாம். ஆனால் அத்தனை வருசத்தில் முதல் தடவையாகக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் என் வேலையைத் தடவிப் பார்த்து இது யாருடையது என்று கேட்கிறார். நான் என்ன செய்வேன்? நெஞ்சில் கை வைத்து, "நான்" என்றேன்.

அவர் மெத்தச் சந்தோசப்பட்டார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். தடித்த கடதாசி, மேலே கொம்பனியின் முத்திரை, நடுவில் என் பெயர் பெரிய எழுத்தில். என் பெயர் மட்டும் எனக்கு வாசிக்க வந்தது. பாராட்டுப் பத்திரம் என்று நினைத்தேன். கையெழுத்துப் போடச் சொன்னார், இரண்டு பிரதியில் போட்டேன். ஒன்றை எனக்குத் தந்தார். மகள் அப்போது லியோனில் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மரச்சட்டம் அடித்தது நான். கண்ணாடி போட்டது நான். கடைச் சுவரில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டி, மூலையில் சந்தனப் பொட்டும் வைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். சங்கத் தலைவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக் காட்டினேன். அவரும் வாசிக்கத் தெரிந்த மாதிரித் தலையை ஆட்டினார்.

மூன்று கிழமை கழித்து மகள் விடுமுறைக்கு வந்தாள். சட்டத்துக்கு முன்னால் நின்று வாசித்தாள். அவள் முகம் போன விதத்தை நான் மறக்கவில்லை.

"பப்பா, இதை ஆர் தந்தது?"

"கொம்பனி. ஏன், என்ன எழுதியிருக்கு?"

"அந்தச் சப்பாத்திலை இருக்கிற வேலை ஒண்டும் நீங்கள் செய்யேல்லையாம். எல்லாம் அவையின்ரை ஆய்வுகூடத்திலை செய்ததாம். இனி எப்பவும் உரிமை கேக்க மாட்டன் எண்டு நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறியள்."

நான் செய்யவில்லை என்ற கடதாசிக்கு நானே சட்டம் அடித்துப் பொட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வருசம் கொம்பனி குதிக்காலில் சிவப்புப் பொட்டு வைத்த சப்பாத்தைக் கடை கடையாக விற்றது. விளம்பரத்தில் அது வீரனின் ஒரு துளி இரத்தமாம். அது என் பெண்சாதியின் சிமிழ்க் குங்குமம்!

கொம்பனியில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கொம்பனி எனக்கு யார்? கோட்டுக்காரர் என் கடைக் குத்தியில் வெறுங்காலோடு இருந்தவரா? என் வயிறு எரிவது அதற்கு இல்லை.

அந்த மூன்று கிழமைக்குள் அவன் ஒரு நாள் வந்தான். அது எனக்கு மகள் வாசித்த பிறகுதான் நினைவில் ஏறியது. வந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சட்டத்துக்கு முன்னால் நிறுத்தினேன். "பார், உன்ரை கொம்பனி என்னை எப்பிடி மதிச்சிருக்கு" என்றேன். அவனுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும். வாசித்தான். மெதுவாக, அடிவரைக்கும் வாசித்தான். சந்தனப் பொட்டையும் பார்த்தான். பிறகு வந்து குத்தியில் இருந்தான்.

"நல்லாயிருக்கோ?" என்று கேட்டேன்.

"சட்டம் நல்லாயிருக்கு, மாஸ்த்ரோ" என்றான்.

தேநீரைக் குடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால், அன்றைக்கே அதைக் கழற்றியிருப்பேன். மூன்று கிழமை சனத்துக்கு முன்னால் என் அவமானத்தை நானே விளக்குப் பிடித்துக் காட்டியிருக்க மாட்டேன். எதிராளியின் முழங்காலைக்கூட விடாமல் சுட்டிக் காட்டியவனுக்கு, அந்தக் கடதாசியில் இருந்த பொய்யைச் சுட்டிக் காட்ட விரல் எழும்பவில்லை. ஒப்பந்தம் போனால் விளையாட்டுப் போகும், விளையாட்டுப் போனால் மகளிடம் போக வழியில்லை. அவனுடைய பயம் எனக்கு விளங்காதா? விளங்கியபடியால்தான் இவ்வளவு காலம் வாயைத் திறக்கவில்லை. ஆனியில் தன் மகள் இருக்கிற ஊர்க் கழகத்துக்கே போய்ச் சேர்ந்தான். மேலும் ஐந்து வருசம் ஓடினான். அப்பாவின் கபில நிறச் சப்பாத்தை எடுக்க வரவில்லை. அடி மாற்றி, மினுக்கி, இன்றைக்கும் என் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

மகள் சொல்கிறாள், விடுங்கோ பப்பா, பழங்கதை என்று. பெண்சாதி மட்டும் விடச் சொல்லவில்லை. "எழுதுங்கோ. ஆனால் குங்குமம் என்ரை எண்டதையும் எழுதுங்கோ" என்றாள். எழுதிவிட்டேன்.

இனி அவனுக்கு நேராகச் சொல்லுகிறேன். மகள் இதைப் பிரெஞ்சில் மாற்றி அவனுடைய ஊருக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். இதை அச்சில் போடுகிறவர்கள் பக்கத்துக்கு அடங்கவில்லை என்று ஒரு சொல்லையும் வெட்டக் கூடாது.

தம்பி, உன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நீ ஓடி முடித்துவிட்டாய். உன் மகள் வளர்ந்துவிட்டாள். சுத்தியலை அசைத்த மனிதர் யார் என்று அவளிடம் கேள், அவள் சொல்லுவாள். டொக்ரருக்கு நன்றி சொன்னாய், சொல்லு. கடவுளுக்குச் சொன்னாய், அவர் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் மிச்ச இடத்தில் இருக்க வேண்டியது நான். கொம்பனி இருக்கிற கதிரை என்னுடையது, கொம்பனியை எழுப்பு.

வாசிக்கத் தெரியாமல் நான் வைத்த கையெழுத்தை, எழுதத் தெரிந்த அளவில் இங்கே திருப்பி எடுக்கிறேன். உன் இடது காலைக் கட்டியது நான். அந்தக் கடதாசியைக் கிழித்துவிட்டேன். சட்டத்தை மட்டும் கழற்றவில்லை, பிள்ளையாருக்குப் பக்கத்தில் வெறுமையாகத் தொங்குகிறது. பணம் வேண்டாம், பரிசு வேண்டாம். உன் ஊர் மைதானத்தில், அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால், படம் பிடிக்கிற ஒருத்தரை வைத்துக்கொண்டு, பாரிஸ் எந்தத் திசையென்று விசாரித்து நில். அந்தத் திசைக்கு விரலை நீட்டு. என் பெயரைச் சொல்லு.